கச்சான் காலமும் பத்தொன்பது புள்ளியும்

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 71 வயது. திருகோணமலைக் கரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடற்தொழில் செய்தவர். படித்தது நாலாம் வகுப்பு வரைதான். மாசி மாதம் அம்மா தவறிப்போனார். அந்தியேட்டியைக் கன்னியாவில் செய்தோம். அதற்குப் பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். சொல் வராமல் 'அந்தச் சாமான்', 'அதுதான் அது' என்று இழுக்கிறார். ஒரே இரவில் மூன்று முறை, எஞ்சின் திருத்திய காசு கொடுத்தாயிற்றா என்று கேட்டார். அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார் சித்தப்பா. ஜூலையில் ஒரு பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். 30க்கு 19 புள்ளி போட்டார்கள். உலகம் என்ற சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னதற்கு ஒன்பதுதான் சொன்னார். 'இப்போது என்ன பருவகாலம்?' என்று கேட்டதற்குக் 'கச்சான்' என்றார். அதன் பக்கத்தில் 'தொடர்பற்ற விடை' என்று எழுதிவிட்டார்கள். இது மனநோயா, மறதி நோயா? அப்பா சிங்களமும் நன்றாகப் பேசுவார். இரண்டு மொழி மூளையைக் குழப்பும், சிங்களத்தை நிறுத்தச் சொல் என்கிறார் ஓர் உறவினர். அப்பாவின் பேச்சைப் பதிவுசெய்து ஓர் ஆய்வில் சேர்க்கவும் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– ஒரு மகள், திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கச்சானைப் பேசிவிடுவோம். நகரத்தில் வளர்ந்த ஓர் இளம் பரிசோதகருக்குக் கச்சான் என்றால் பஸ் நிலையத்தில் கடதாசிச் சுருளில் விற்கிற வறுத்த கடலை. பருவகாலம் என்னவென்று கேட்டால் கடலை என்கிறாரே என்று அவர் திகைத்திருப்பார். உங்கள் அப்பாவுக்கு அது காற்றின் பெயர். ஜூலையில் மேற்கிலிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வருகிற காற்று. வாடைக்கு வள்ளத்தைக் கரையேற்றிக் கச்சானுக்குக் கடலில் இறக்குகிற மனிதனிடம் பருவகாலத்தைக் கேட்டால் வேறென்ன சொல்வார்? இளவேனில் என்றா? அன்றைக்கு அந்த அறையில் நடந்தவற்றிலேயே மிகச் சரியான விடை அதுதான் என்பேன்.

இதில் சிரிப்புக்கு மேலும் ஒரு விடயம் இருக்கிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் விடை சொல்வது உளநல மருத்துவத்தில் கனமான அறிகுறி. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்ற பெயரைத் தந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1911இல் வெளியிட்ட நூலில், ஒரு நினைப்பை அடுத்த நினைப்போடு கோக்கும் இழை தளர்ந்துபோவதையே அந்த நோயின் அடிப்படையாக வைத்தார். 1979இல் அமெரிக்காவின் நான்சி ஆண்ட்ரியாசன் அத்தகைய பேச்சைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, எது எது எப்படி இருக்கும் என்று வரையறுத்தார். அப்படி அளந்து பார்த்தபோது, ஸ்கிசோஃப்ரினியாவுக்கே உரியது என்று நம்பப்பட்ட பல குலைவுகள் மேனியா என்ற, மனம் கட்டுமீறிப் பொங்கும் நோயுள்ளவரிடமும் இருந்தன. ஆகவே அந்த அறிகுறி உண்மையாகவே இருந்தாலும் அதை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிப்பதற்கும் ஒற்றைச் சொல் போதாது. ஆளைத் தொடர்ந்து பேசவிட்டு, ஒரு கதை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டும். இழை அறுந்தது பேசியவரிடமா, கேட்டவரிடமா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் அப்பா விடயத்தில் அறுந்தது கேட்டவரிடம். 71 வயதில், வேறு எந்த அடையாளமும் இல்லாமல், ஒரு காற்றின் பெயரைச் சொன்னதற்காக மனநோய் என்று பயப்பட வேண்டாம்.

அந்த இளம் பரிசோதகரை நான் அதிகம் கடிந்துகொள்ள முடியாது, நானும் அதையே செய்திருக்கிறேன். பேச்சு மொழிச் சிகிச்சையில் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது பாஸ்டன் நகரத்தில் உருவான அறுபது படப் பரிசோதனையின் மங்கலான நகல். மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் எஸ்கிமோக்களின் பனிவீட்டைக் காட்டினேன். தாதுகோபம் என்றார். பிரெட்சல் என்ற முறுக்கிய ரொட்டியைக் காட்டினேன். முறுக்கு என்றார். இரண்டுக்கும் பூச்சியம் போட்டேன். அன்று மாலை முறுக்கு ஒன்றைக் கடித்தபோதுதான், பெரியவர் படத்தைப் பார்த்து எவ்வளவு நேர்த்தியாக யோசித்திருக்கிறார் என்பது உறைத்தது. 

இனி 19 புள்ளி. நீங்கள் எழுதியிருக்கிற கேள்விகளைப் பார்த்தால், 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட 30 புள்ளிச் சிறு பரிசோதனையோ, அதன் வழிவந்த ஒன்றோதான். 24க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான கோடு. ஆனால் அந்தக் கோடு யாருக்காகப் போடப்பட்டது என்பதுதான் கேள்வி. 1993இல் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களின் புள்ளிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒன்பது ஆண்டோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடுப்புள்ளி 29. நான்கு ஆண்டு வரை மட்டும் படித்தவர்களின் நடுப்புள்ளி 22. பள்ளியில் உட்கார்ந்த ஆண்டுகளுக்கு ஏற்ப ஏழு புள்ளி வித்தியாசம் வந்துவிடுகிறது. நாலாம் வகுப்போடு கடலுக்குப் போன ஒருவரின் 19ஐ, பட்டம் பெற்ற ஒருவரின் 19 போலப் படிக்கக் கூடாது.

அதிலும் அந்த 'உலகம்' கேள்வி இருக்கிறதே! ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துச் சொல்லொன்றைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லச் சொல்வார்கள். கவனத்தைப் பார்க்கும் கேள்வி அது. தமிழில் அதை அப்படியே மாற்றினால் ம், க, ல, உ. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் நம் வாயிலேயே நிற்காது. தமிழ் வாத்தியார் கூட ஒரு கணம் விழிப்பார். அதே கவனத்தைப் பார்க்க ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். அடுத்த முறை அப்படிக் கேட்கச் சொல்லுங்கள்.

மிருகங்களின் பெயர் கேட்டதும் அதே கதைதான். ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு மீன், பறவை, பூச்சி எல்லாமே செல்லும். தமிழில் மிருகம் என்றால் நாலு காலில் நடப்பது. அப்பா ஒன்பதோடு நின்றதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். அறுக்குளா, பாரை, சூரை, விளைமீன், திருக்கை என்று கடலைத் திறந்துவிட்டிருந்தால் பரிசோதகரின் பேனாதான் களைத்திருக்கும். ஆனாலும் இந்தக் கேள்வியை நான் ஏளனம் செய்யவில்லை. அல்சைமர் நோயில் ஒரே வகைப் பொருள்களை அடுக்கிச் சொல்லும் திறன், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கும் திறனைவிட அதிகமாகக் குறைகிறது என்பது பல முறை கண்டறியப்பட்ட உண்மை. இரண்டையும் ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது. அங்கேயும் நமக்கொரு சிக்கல். 'க'வில் தொடங்கும் சொற்கள் என்று கேட்டால் கடலும் காகமும் கிளியும் ஒன்றா, வேறு வேறா? இதை முடிவுசெய்யாமல் புள்ளி போட்டால் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் இல்லை.

இவ்வளவும் சொன்னதால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளியை நான் தள்ளிவைக்கிறேன். ஒரே இரவில் மூன்று முறை கேட்ட எஞ்சின் காசைத் தள்ளிவைக்க மாட்டேன். கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

இரண்டாவது முறை கேட்டபோது 'இப்போதுதானே சொன்னேன், கொடுத்தாயிற்று' என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அப்போது அவர் 'ஓம், சொன்னாய்தான்' என்றாரா, அல்லது முதல் தடவை கேட்பதுபோல் முகம் வைத்திருந்தாரா? முன்னது கவலையிலோ சோர்விலோ கவனம் சிதறியவருக்கு நடப்பது. பின்னது, புதிதாக வந்த செய்தி மூளையில் பதியவே இல்லை என்பதைக் காட்டலாம். இந்த வேறுபாடு 30 புள்ளித் தாளில் வராது. வீட்டில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். இதே போல, கன்னியாவுக்குப் போன நாளைப் பற்றி அவர் தானாகப் பேசும்போது கவனியுங்கள். யார் யார் வந்தார்கள், எந்த வாகனத்தில் போனீர்கள், ஐயர் எப்போது வந்தார் என்பவை ஒழுங்காக இருக்கின்றனவா? இளமைக்காலத்துக் கடல் கதைகள் துல்லியமாக இருப்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். பழையது நீண்ட காலம் நிற்கும்.

சொல் வராமல் போவதிலும் வகை இருக்கிறது. நங்கூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடலில் போடுவோமே, வள்ளத்தைப் பிடித்து வைக்கிற இரும்பு' என்று அப்பா சுற்றி வளைத்துச் சொல்கிறார், நீங்கள் 'நங்' என்றதும் 'கூரம்' என்று முடித்துவிடுகிறார் என்றால், பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பெயர்தான் வர மறுக்கிறது. இது வயதிலும் வரும், துக்கத்திலும் வரும், ஒரு நோயின் தொடக்கத்திலும் வரும். நங்கூரத்தையே கையில் கொடுத்தாலும் 'நங்கூரம் என்றால் என்ன?' என்று அவர் கேட்டால் அது முற்றிலும் வேறு. சொல்லோடு பொருளும் கரைகிற அந்த நிலையை 1975இல் இங்கிலாந்தில் எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளரை வைத்துத் தெளிவாக எழுதினார். 1982இல் மார்செல் மெசுலம் ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு நினைவும் நிதானமும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்க, மொழி மட்டும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டு போயிற்று. அப்படிப்பட்டவரைப் பேச்சை வைத்து 'அறளை' என்று ஒதுக்கினால், எல்லாம் புரிந்துகொண்டே வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

பேச்சைக் கவனிப்பது புதிய பழக்கமும் அல்ல. 1901 நவம்பரில், பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு வந்த அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பேசியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். அந்தப் பெண் பன்றி இறைச்சியும் கோலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பசளிக்கீரை என்றார். இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் நோயின் முதல் குறிப்புகள் இப்படியான சாப்பாட்டு மேசைப் பேச்சில்தான் இருக்கின்றன. ஆகவே நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, அப்பா சொன்ன சொல், அதற்கு முன் நடந்தது, நீங்கள் உதவியபோது என்ன ஆயிற்று என்று நாலு வரி போதும். ஒரு மாதக் கொப்பி கையில் இருந்தால் வைத்தியருக்கு அது எந்தப் புள்ளித் தாளையும்விடப் பயன்படும்.

அம்மாவின் இழப்பை நான் மறக்கவில்லை. மனச்சோர்வு முதியவர்களிடம் மறதி வேடம் போடும். பேச்சு மெல்லியதாகும், விடைக்கு முன் நீண்ட மௌனம் வரும், முயலாமலே 'தெரியாது' என்று முடித்துவிடுவார்கள். பரிசோதனையில் புள்ளி குறையும். தமக்கு மறக்கிறது என்று அவர்களே முறையிடுவது மனச்சோர்வில் அதிகம், அல்சைமரில் பெரும்பாலும் வீட்டார்தான் முறையிடுவார்கள். ஆனால் இதைச் சட்டமாக எடுக்க வேண்டாம், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா, சாப்பாட்டை ஒதுக்குகிறாரா, வலை பின்னுவதில் கூட மனம் போகவில்லையா? இவற்றுக்கு ஆம் என்றால் உளநலப் பிரிவில் கட்டாயம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அது தெளிந்த பிறகு மறுபடி பரிசோதித்தால்தான் மிச்சம் என்ன என்பது தெரியும்.

இன்னொன்று, காது. நாற்பது ஆண்டு எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த காது. கேட்காத கேள்விக்கு யாரால் சரியாக விடை சொல்ல முடியும்? லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கு எதிராக நம்மால் மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டபோது காது கேட்பது குறைவதையும் அதில் வைத்தது. மாவட்டப் பொது வைத்தியசாலையில் மருத்துவ கிளினிக்கில் தொடங்குங்கள். காது, கண், பிரஷர், சீனி, தைராய்டு, விட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் போடுகிற எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நித்திரைக் குளிசையும் சில ஒவ்வாமைக் குளிசைகளும் முதியவர்களின் தலையை மந்தமாக்கும். தேவையென்றால் மூளை ஸ்கேனுக்கும் நரம்பியல் வைத்தியரிடமும் அவர்களே அனுப்புவார்கள்.

சிங்களத்தை நிறுத்தச் சொன்ன உறவினருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் சொன்னதைக் கேட்காதீர்கள். இரண்டு மொழி மூளையைக் குழப்பும் என்பது பழைய பயம். 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோயுள்ள 648 பேரை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தித்தான் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வும் அதே அளவைக் காணவில்லை, நானும் அதை மருந்துபோல விற்கவில்லை. ஆனால் நிறுத்துவதால் நன்மை வரும் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வரும் தொழிலாளரோடு கரையில் இருந்து அவர் சிங்களத்தில் பகிடி விடுகிறார் என்றால் அதைப் பறித்து என்ன செய்யப்போகிறீர்கள்? வைத்தியருக்குச் சொல்ல வேண்டியது வேறு: சொல் தடுமாற்றம் இரண்டு மொழியிலும் இருக்கிறதா, பிறகு கற்ற மொழி முதலில் குறைகிறதா என்பது.

கடைசியாக அந்தக் கையெழுத்து. என் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: அப்பா சம்மதித்தால் சேரட்டும். இன்று பேச்சைப் பதிவுசெய்து, இடைவெளி எத்தனை, 'அது, இது' எத்தனை என்று கணினியால் எண்ணி நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலப் பேச்சில் பழகியவை. அலமாரியிலிருந்து பிஸ்கட் திருடும் பையன், நிரம்பி வழியும் தொட்டி, பாத்திரம் துடைக்கும் தாய் என்று ஓர் அமெரிக்கச் சமையலறைப் படத்தைக் காட்டி, பேசுங்கள் என்பார்கள். நோயாளர் பெயர்ச்சொல்லைக் குறைத்து 'அவன், அவள்' என்று சுட்டுவது கூடினால் அது ஓர் அறிகுறி. நம் மொழியில் 'வந்தான்' என்றாலே ஆள் வினைக்குள் ஒளிந்திருக்கிறான். எழுவாயே இல்லாமல் ஒரு மணிநேரம் பேசலாம். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லில் வருவது நமக்கு ஒரு சொல்லில் முடியும். அந்த அளவுகோலை நம் மேல் வைத்தால் நோயில்லாதவர்களும் நோயாளர் ஆவார்கள், நோயாளர் தப்பிப்போவார்கள். கரையோரத்து முதியவர்களின் தமிழ் எப்படி இருக்கும் என்று யாராவது பதிந்து வைத்திருந்தால் அந்தக் கச்சானுக்கு இந்தக் கதி வந்திருக்காது.

ஆனால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. படிவம் தமிழில் இருக்கிறதா, அப்பாவுக்கு வாசித்து விளக்குவார்களா? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? குரல் எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும், வேறு யாருக்குக் கொடுக்கப்படும்? குரலும் முகம் போலத்தான், பெயரை அழித்தாலும் தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். இடையில் விலகினால் சிகிச்சை பாதிக்கப்படாது என்று எழுத்தில் இருக்கிறதா? முடிவை உங்களுக்குச் சொல்வார்களா? ஆய்வு சிகிச்சை ஆகாது என்பதையும் மனத்தில் வையுங்கள். அதில் சேர்ந்துவிட்டோமே என்று கிளினிக்கை ஒத்திவைக்க வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவரும் அப்பாதான். நீங்கள் சாட்சி.

வீட்டில், 'இது யார் சொல்லுங்கள் பார்ப்போம்' என்ற பரீட்சையை இன்றோடு விட்டுவிடுங்கள். வானொலியை அணைத்து, முகத்துக்கு முன்னால் இருந்து, ஒரு விடயத்தை மட்டும் கேளுங்கள். சொல் வரும் வரை மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். வராவிட்டால் முதல் எழுத்தைக் கொடுங்கள். கடலுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். பேச்சு மெதுவாகத் தேய்வதற்கு நாள் இருக்கிறது, திடீரென்று குழறுவதற்கு நாள் இல்லை. வாய் கோணினாலோ ஒரு கை தொய்ந்தாலோ பேச்சு சட்டென்று நின்றாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணிநேரத்துக்குள் ஏற்ற வேண்டியது. ஓரிரு நாளில் திடீரென்று பேச்சு குழம்பினாலும் வைத்தியசாலைக்குத்தான். முதியவர்களிடம் சிறுநீர்க் கிருமித்தொற்றே அப்படிச் செய்யும்.

கிளினிக்குக்குப் போகும்போது ஜூலைத் தாளையும் எடுத்துப்போங்கள். 'தொடர்பற்ற விடை' என்ற இடத்தைக் காட்டி, கச்சான் என்றால் என்னவென்று அப்பாவையே விளக்கச் சொல்லுங்கள். அதற்குரிய ஒரு புள்ளியைக் கேட்டு வாங்குங்கள். 19, 20 ஆகும். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை அது மாற்றாது, ஆனாலும் கேளுங்கள்.